நாக்கைப் பிடுங்கும் நாலு கேள்வி

மலைநாட்டில் மழைக்கும் அட்டைக்கும் அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைக்கிற உயிரினம் ஒன்று உண்டு. அதற்கு நன்றியுரைக்காரர் என்று பெயர். இதைப் பார்ப்பதற்கு நீங்கள் காட்டுக்குள் போகவேண்டாம், கமெராவைக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறி உட்காரவேண்டாம். ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து, ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு, "இந்த ரோட்ட எப்பத்தான் போடுவாங்களோ" என்று பொதுவாகக் கூரையைப் பார்த்துச் சொல்லுங்கள். போதும். மூலை மேசையிலிருந்து ஓர் உறுமல் கேட்கும்.

"கேக்க ஆளில்லாமத்தான் தம்பி இப்படி நடக்குது. நான் ஒருநாளைக்குப் போறேன். போயி, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன் பாரு."

இவர்தான்.

அந்த நாலு கேள்வி என்ன? அது ஏன் மூன்றாகவோ ஐந்தாகவோ இருப்பதில்லை? அவற்றை யாராவது காதால் கேட்டிருக்கிறார்களா? கிடையாது. கேட்கவேண்டிய இடத்துக்குப் போனதும் அந்தக் கேள்விகள் நாலும் பனி மாதிரிக் கலைந்துவிடும். ஆஸ்பத்திரியில் நாலு மணிநேரம் வரிசையில் நின்று, மருந்தில்லை என்று பக்கத்து ஆளிடம் பொரிந்து தள்ளி, அரசாங்கத்தையே ஆட்டங்காண வைத்துவிட்டு, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும், "இப்ப எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டால், "உங்க புண்ணியத்துல நல்லா இருக்குங்க" என்று கும்பிட்டுவிட்டு அதே வயிற்றுவலியோடு வீட்டுக்கு வருகிறவர் இவர்தான். கலியாண வீட்டில் சோறு வேகவில்லை என்று பந்தி முழுக்கப் பரப்பிவிட்டு, பெண்ணின் அப்பா வந்து "சாப்பாடு எப்படிங்க?" என்றால் "இந்த மாதிரிச் சாப்பாடு சாப்பிட்டு எவ்வளவு காலமாச்சு" என்பவரும் இவரே. அதில் பொய் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நமக்கு உதாரணத்துக்கு ஒருவர் வேண்டும். நீலக்கல் தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்து அழகனை எடுத்துக்கொள்வோம். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெசினோடு ஒரு ஆயுள் காலம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது சின்னராசாவின் தேத்தண்ணிக் கடையில் முழுநேரமாக உட்கார்ந்திருப்பவர். மெசின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த குரல் அவருடையது. கடையில் அவர் சாதாரணமாக "சீனி போதும்" என்று சொன்னாலே எதிர்மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவருடைய விரோதி ஒரு தெருவிளக்கு. பஸ் பாதையிலிருந்து லயத்துக்கு ஏறி வருகிற ஒற்றையடி ரோட்டில், இரண்டு பக்கமும் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கிற ஒரு வளைவு, அதாவது முடக்கு, இருக்கிறது. அங்கே ஒரு தூண், தூணிலே ஒரு விளக்கு. தூண் மின்சார சபையுடையது, ரோட்டு தோட்டத்துடையது, விளக்கு மட்டும் பிரதேச சபையுடையது. மூன்று பேருக்கும் சொந்தமான அந்த இடத்தில் விளக்கு போன மழைக்காலத்தில் அணைந்தது. தோட்டத்தில் சொன்னால் சபைக்குப் போகச் சொல்வார்கள். சபையில் சொன்னால் "பார்ப்போம்" என்பார்கள். சபைக்காரர்கள் பார்ப்பதற்குள் சிறுத்தை பார்த்துவிட்டது. மானாப்புல்லில் குடிவந்து, முதல் வேலையாக அழகன் வீட்டு நாயைக் கொண்டுபோனது. நாயின் பெயர் டைகர்.

அழகன் கவலைப்பட்டது நாய்க்காக மட்டுமில்லை. அவருடைய ஒரே மகள் பிரியந்தி ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பொழுதுசாய்கிற நேரத்து பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த முடக்கைக் கடந்துதான் வீட்டுக்கு வரவேண்டும். மகள் வந்து சேரும்வரை அழகனுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அந்தப் பயத்தையெல்லாம் மறுநாள் காலையில் கடையில் கோபமாக மாற்றிக் கொட்டுவார்.

இப்படியிருக்கும்போதுதான் பிரதேச சபையிலிருந்து அறிவித்தல் வந்தது. 'வருடாந்தச் செயற்பாட்டு மீளாய்வும் மக்கள் கருத்தறிதலும்.' அதாவது, வருடம் முழுக்கச் சபை என்ன செய்தது, என்ன வந்தது, எதற்குப் போனது என்று சபைத் தலைவரான தவிசாளர் சொல்வார், நாம் குறை சொல்லலாம். சொன்ன குறையை அடுத்த வருட வேலைத்திட்டத்தில் சேர்ப்பார்கள். தோட்டத்துக்கு ஒருவர் போகலாம்.

"வேற யாரு? அழகண்ணேதான்" என்றான் சின்னராசா. "சும்மாவா, நம்ம எல்லாருக்கும் சேத்து ஒரு கொரலு அது."

"போறேன்டா. தவிசாளரு தண்ணி குடிக்கணும்" என்றார் அழகன்.

போனார். பஸ்ஸில் போகும்போதே நாலு கேள்வியும் மனசுக்குள் கூர்தீட்டி வைத்தாயிற்று. மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஒரு கூர் மழுங்கியது. முன்வரிசையில், உறை போட்ட நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இன்னொன்று. தவிசாளர் ஜீவராஜ் வாசலிலிருந்து நேராக இவரிடம் வந்து, இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எப்படி இருக்கீங்க? மக வேலைக்குப் போகுதாமே, கேள்விப்பட்டேன். சந்தோசம்ணே" என்றார். தன் மகள் வேலைக்குப் போவது தவிசாளருக்குத் தெரிந்திருக்கிறது! அவள் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறாள் என்பதையும் அப்போதே சொல்லியிருக்கலாம். அழகனுக்கு அது தோன்றவில்லை. தவிசாளரின் கை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்றுதான் தோன்றியது.

கூட்டம் ஆரம்பமானது. சுவரில் படம் விழுந்தது. தவிசாளர் விளக்கினார்.

"நம்ம சபைக்குப் போன வருசத்தவிட இந்த வருசம் வருமானம் கூடியிருக்கு. செலவும் கூடியிருக்கு. ரெண்டுமே கூடியிருக்குன்னா சபை முன்னேறியிருக்குன்னுதானே அர்த்தம்?"

கைதட்டல். அழகனும் தட்டினார். சேகரித்த குப்பை பாதியாகக் குறைந்துவிட்டதாம், மக்கள் சுத்தமாக வாழப் பழகிவிட்டார்களாம். குப்பை டிரக்டர் வருடத்தில் பாதி பழுதாகிக் கிடந்ததைப் பற்றிப் படத்தில் ஒன்றும் இல்லை. வாசிகசாலைக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்காகிவிட்டார்களாம். பஸ் தரிப்பிடத்துக் கூரையைக் காற்று கொண்டுபோனதிலிருந்து மழைக்கு ஒதுங்க வேறு இடம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மண்டபத்தில் இருந்த எல்லாருமே ஒரு நாள் ஈரக் குடையோடு வாசிகசாலை நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர்கள்தான். எல்லாரும் தட்டினார்கள். கடைசியில் தெருவிளக்குகள் வந்தன. தோட்டம் தோட்டமாக, விளக்கு விளக்காகப் படத்தில் மஞ்சள் புள்ளிகள். நீலக்கல் மேற்கணக்கு முடக்கிலும் ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்தது.

அழகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைத் தவிசாளர் கவனித்துவிட்டார்.

"நீலக்கல் அழகண்ணே வந்திருக்காரு. அவருக்கு முதல்ல ஒரு மரியாத செய்வோம். அப்புறம் அவரே பேசட்டும்."

பொன்னாடை வந்தது. தோளில் விழுந்தது. மைக் கைக்கு வந்தது. வாசகரே, உங்கள் தோளில் ஒருவன் இப்போதுதான் பொன்னாடை போர்த்தியிருக்கிறான்; அதன் மடிப்பு இன்னும் கலையவில்லை; அவன் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் முகத்துக்கு நேராக "உன் விளக்கு எரியல" என்று உங்களால் சொல்லமுடியுமா? அழகனால் முடியவில்லை. மெசினையே அடக்கிய குரல் கொசுவின் குரலாகிவிட்டது.

"மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய தவிசாளர் அவர்களே..." என்று ஆரம்பித்தவர், தவிசாளருக்கு நன்றி சொன்னார், செயலாளருக்குச் சொன்னார், அங்கத்தவர்களுக்குச் சொன்னார், மைக்செட் போட்ட பையனுக்குச் சொன்னார், பிளேன்டீயோடு பிஸ்கட் கொடுத்த பெண்களுக்குச் சொன்னார், காலையிலிருந்து பொழியாமல் ஒத்துழைத்த மழைக்கும் சொன்னார். தவிசாளரே வழிவிட்டுக் கேட்டார்: "மொடக்கு வெளக்கு எரியுதுதானே அண்ணே?"

"எரியாமலா? ஜெகஜோதியா எரியுதுங்க!"

மண்டபம் அதிர்ந்தது. செயலாளர் றமணன் எழுதிக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர், எதையும் எழுதிவைக்காமல் விடுகிறவரல்ல.

அன்று மாலை சின்னராசாவின் கடையில் நடந்த கூட்டம் வேறு மாதிரியானது.

"என்னாண்ணே, கேட்டீங்களா?"

"கேக்காம விடுவனா? சாடமாடையா குடுத்தேன்டா. புரிஞ்சவனுக்குப் புரியும். தவிசாளரு மொகமே மாறிப்போச்சு."

வீட்டில் சாடைமாடை செல்லவில்லை. அழகனின் மனைவி நாகலெட்சுமி மலைக்குப் போய் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவள். அவளுக்குச் சுற்றிப் பேச நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. பொன்னாடையை விரித்துப் பார்த்தாள். அகலம் சரியாக இருந்ததால் ஜன்னலில் திரையாகப் போட்டாள். போட்டபடியே கேட்டாள்:

"வெளக்கு எப்ப வருது?"

அழகன் முகம் கழுவப் போய்விட்டார்.

அடுத்த லீவு நாளில் அவளே சபைக்குப் போனாள். செயலாளர் அவளை உட்காரச் சொல்லி, மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்கட அவர்தானே மேடையில ஏறி, எரியுது எண்டு சொன்னவர்? எரியிற விளக்கைத் திருத்த எண்டு நான் எப்பிடி ஆள் அனுப்புறது? கணக்காய்வுக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்லுவன்?"

"அவரு சொன்னாருங்க. ஆனா வெளக்கு எரியலைங்களே."

"சரி. ஒருக்கா ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுறன்."

இதற்கிடையில் அழகன் தனக்குத் தெரிந்த பரிகாரத்தைச் செய்துகொண்டிருந்தார். ஹட்டனில் பெரிய டோர்ச் ஒன்று வாங்கி, தினமும் மாலையானால் முடக்கில் போய் நின்று, மகள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற திசையில் அடித்தபடி நிற்பார். மழையானாலும் நிற்பார், குளிரில் பல் தந்தியடித்தாலும் நிற்பார். அந்த அன்பில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஒரு நாள் அப்படி நிற்கும்போது கீழே பஸ் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நின்று, மேலே பார்த்து, கையைக் காட்டினார். மரியாதை தெரிந்த மனிதரல்லவா நம் அழகன்? டோர்ச்சை ஆட்டிப் பதில் மரியாதை செய்தார்.

வந்தவர் சபையின் ஆள். அவ்வளவு தூரம் ஏறவேண்டியதில்லை என்ற நிம்மதியோடு திரும்பிப் போய் அவர் எழுதியது இது: 'நீலக்கல் மேற்கணக்கு முடக்கு விளக்கு நன்றாக எரிகிறது. காற்றில் சற்று ஆடுகிறது.'

இப்படி ஒரு வருடம் ஓடியது. வீட்டில் யாரும் அழகனைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த மீளாய்வுக் கூட்டத்துக்கு முந்திய நாள் பிரியந்தி சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, இந்த வருசமும் வெளக்கு வரலன்னா நான் ஹட்டன்லயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன். கூட வேல செய்ற புள்ளைங்க இருக்காங்க. மானாப்புல்லுக்குள்ள அது மூச்சு விடுறது எனக்குக் கேக்குதுப்பா. உங்களுக்கும் வயசாகுது, எத்தன நாளைக்கு வந்து நிப்பீங்க?"

அழகனின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. மகள் இல்லாத வீட்டை அவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். அவளுடைய ஈரக் குடை கதவோரம் இல்லாத வீடு.

"நாளைக்குக் கேட்டுட்டுத்தான் மறுவேல. எங்கப்பன் மேல சத்தியம்."

நாகலெட்சுமி ஜன்னலில் திரையாகத் தொங்கிய பொன்னாடையைப் பார்த்தாள்.

மறுநாள் அழகன் புறப்பட்டபோது சந்தனத்துக்கும் முன்வரிசைக்கும் தயாராகவே போனார். "எத வேணும்னாலும் போத்தட்டும், நான் கேட்டுத்தான் ஆவேன்" என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அறிவித்தார். திரும்பிவர இருட்டிவிடும் என்பதால் டோர்ச்சும் கையோடு போனது.

சுவரில் மறுபடி படம். வருமானம் கூடியிருந்தது, செலவும் கூடியிருந்தது. குப்பை இன்னும் குறைந்திருந்தது. பிறகு தவிசாளர் குரலை உயர்த்தினார்.

"ஒரு விசயத்த நான் பெருமையா சொல்லணும். புயல் அடிச்சி மரம் விழுந்து, நம்ம பிரதேசம் முழுக்க கரண்டு இல்லாம கெடந்த நாள்லகூட ஒரு தெருவெளக்கு எரிஞ்சிருக்கு. ஒரே ஒரு வெளக்கு. அது நீலக்கல் மேற்கணக்கு மொடக்கு வெளக்கு!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. எந்த மின்சாரத்தில் எரிந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அழகண்ணே மேடைக்கு வரவேண்டும் என்றார்கள். சபையின் சிறந்த விளக்குக்குரிய தோட்டம் என்று ஒரு பொன்னாடை தயாராக இருந்தது.

அழகன் ஏறினார். பொன்னாடை விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும். மகளின் குடைதான் கண்ணுக்குள் நின்றது. மைக்கை வாங்கினார். வார்த்தை வந்ததா என்றால், பாதி வந்தது.

"தவிசாளர் அவர்களே... அந்த வெளக்கு..." என்றார். மீதி வரவில்லை. ஆகவே டோர்ச்சை எடுத்து, இரண்டு கையாலும் தவிசாளர் முன்னால் நீட்டினார். "அந்த வெளக்கு இதுதாங்க."

தவிசாளர் டோர்ச்சைப் பார்த்தார், அழகனைப் பார்த்தார். செயலாளர் றமணன் பேனாவைத் தூக்கியபடி நின்றார், அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது மாதிரி இருந்தது. ஆனால் தவிசாளர் என்பவர் யார்? வாழ்க்கையில் எத்தனையோ கூட்டங்களைக் கடந்து வந்தவர். ஒரே நொடியில் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மக்கா! சபை மக்களுக்கு வெளக்கு குடுத்திச்சு. இன்னைக்கி மக்கள் சபைக்கு வெளக்கு குடுக்குறாங்க! இதவிட எனக்கு வேற என்ன வேணும்?"

டோர்ச்சை வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். ஒன்று கண் மூடிவிட்டதென்று இன்னொன்றும் எடுத்தார்கள். இப்போது அழகன் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "ஐயா, அதுக்கில்லைங்க, டோர்ச்சக் குடுங்க" என்றிருக்க வேண்டும். மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"நன்றிங்க" என்றார்.

பொழுதுசாய்கிற நேரத்து பஸ்ஸில் பிரியந்தி ஏறியபோது அப்பா ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பொன்னாடைப் பொதி.

"கேட்டீங்களாப்பா?"

அழகன் வெளியே பார்த்தார். வெளியே பார்க்க இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

"டோர்ச் எங்கப்பா?"

"சபைக்குக் குடுத்துட்டேன்."

பிரியந்தி திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "சரிப்பா" என்றாள். ஹட்டனில் ரூம் எடுப்பதென்று அந்த நிமிடத்தில் அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது அழகனுக்கு விளங்கியது. அந்த 'சரிப்பா' அவருக்குச் சுருக்கென்று குத்தியது.

இறங்கி நடந்தார்கள். அழகனுடைய பொத்தான் போனில் வெளிச்சம் கிடையாது. பிரியந்தியின் போன் நாள் முழுக்கப் பேசிக் களைத்து, கடைசி மூச்சில் இருந்தது. அந்த மூச்சில் ஒரு மங்கல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். முடக்கு வந்தது. எரியாத விளக்கு மேலே நின்றது. மானாப்புல் அசைந்தது. காற்று இல்லை.

பிரியந்தி போனைத் திருப்பினாள். புல்லுக்கு மேலே இரண்டு பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. தவிசாளரின் படத்தில் இருந்த புள்ளிகளைவிட இவை நன்றாக எரிந்தன. அந்த நேரம் பார்த்துப் போன் செத்துப்போனது.

மகளின் கை அழகனின் கையை இறுகப் பிடித்தது. அவளை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். ஓடக்கூடாது, சத்தம் போடவேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார். "ஓ" என்றோ "ஐயோ" என்றோ கத்தத்தான் நினைத்தார். ஆனால் அந்த வாய்க்குள் இரண்டு கூட்டங்களாக வேறொன்று காத்துக்கொண்டிருந்தது.

"யோவ்! வெளக்கு எரியலைன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதாய்யா?"

மலை அதிர்ந்தது. மெசின்கள் எல்லாம் அடங்கி ஒடுங்குகிற குரல்.

"எரியாத வெளக்க எரியுதுன்னு படம் காட்டுறியே, ஒனக்கு வெக்கமா இல்ல? எங்க வரிய வாங்கித் திங்கிறியே, இந்தப் பக்கம் ஒருநா ராத்திரி ஏறி வந்து பாத்திருக்கியாய்யா? எம்புள்ள... எம்புள்ள இந்த இருட்டுல எப்படிய்யா வீட்டுக்கு வருவா?"

நாலு.

எண்ணிப் பாருங்கள், சரியாக நாலு கேள்விதான். உலகத்தில் முதன்முறையாக அவை வெளியே வந்துவிட்டன. சிறுத்தை நாக்கைப் பிடுங்கிக்கொண்டதா என்று தெரியாது. சாதாரணமாக ஆட்கள் அலறுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த அந்தப் பிராணி, இப்படிப் பிரதேச சபை விவகாரத்தை எடுத்து முகத்தில் எறிந்ததும் குழம்பிப்போய், திரும்பி, மானாப்புல்லைப் பிளந்துகொண்டு பள்ளத்தில் இறங்கி மறைந்தது. அழகன் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிரியந்தி அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

இன்னொரு விஷயம் நடந்தது. மலையடிவாரத்தில், பஸ் பாதையோரம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற வண்டிக்காரர்கள் இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மேலே போவார்கள். கூட்டம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் அன்று அங்கே தேங்காயோடு நின்றவர் தவிசாளர் ஜீவராஜ். கண்ணை மூடி, ஒரு வருடத்துச் சாதனைகளுக்காகப் பிள்ளையாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வானத்திலிருந்து விழுவதுபோல் நாலு கேள்வியும் மலையில் மோதி, எதிர்மலையில் மோதி, ஒன்றுக்கு மூன்றாக அவர் காதில் வந்து விழுந்தன. மைக் இல்லை, மேடை இல்லை, பொன்னாடை போர்த்த ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. கேட்டது பிள்ளையாரா, யார் என்றும் தெரியவில்லை. அவர் தேங்காயை உடைக்க மறந்து அதைக் கையில் பிடித்தபடியே வண்டியில் ஏறியதாக டிரைவர் பிறகு சின்னராசாவின் கடையில் சொன்னான்.

மறுநாள் விடிந்து, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்குள் சபையின் வண்டி ஏணியோடு வந்துவிட்டது. மானாப்புல்லை வெட்டினார்கள். புது விளக்கு மாட்டினார்கள். சாயங்காலம் தவிசாளரே வந்து சுவிட்சைப் போட்டார். முடக்கு வெளுத்தது. லயமே கூடிநின்று கைதட்டியது. நாகலெட்சுமி அந்த வெளிச்சத்தில் நின்று மகளைப் பார்த்தாள், ஒரு வருடமாகத் தூக்கி வைத்திருந்த மூச்சை இறக்கினாள்.

தவிசாளர் கூட்டத்தைப் பார்த்துப் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"ஆமா, நேத்துப் பொழுதுபட இந்தப் பக்கமிருந்து கத்துனது யாரு?"

லயம் முழுதும் திரும்பி அழகனைப் பார்த்தது. பிரியந்தி பார்த்தாள். "நான்தான்" என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் ஒரு மனிதனுக்கு வாய்க்குமா? அழகன் இரண்டு கையையும் கூப்பினார்.

"யாரோ குடிகாரப் பயலா இருக்குங்க. நம்ம கணக்குல அப்படி மரியாத இல்லாம பேசுற ஆளு கெடையாது."

"அந்தக் குடிகாரரு நல்லாத்தான்பா பேசுனாரு" என்றாள் பிரியந்தி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அவருக்காகவே நான் ஹட்டனுக்குப் போகல."

அழகனுக்குக் கண் கலங்கியது. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்தக் குரல் என்னுடையதுதான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய தவிசாளர் அவர்களே..."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் போன வாரம் உங்களிடம் ஒருவர் வந்து, கையில் பேனாவோடு, "எல்லாம் சரியா இருக்குதானே, குறை ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாரே, நீங்கள் என்ன சொன்னீர்கள்? உங்கள் வீட்டுக்கு வருகிற வழியிலும் ஒரு முடக்கு இருக்கும், அதில் ஒரு விளக்கு இருக்கும். எரிகிறதா? "எரியுதுங்க" என்று உடனே தலையாட்டாதீர்கள். எழுந்து போய் ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது மறக்காமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள்.